கேனோ கேம்பிங் லிஸ்ட ஆளுக்கு ஆளு போடாதீங்க, படகுக்குப் படகு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல குழுவா கேனோல (துடுப்பு போட்டு ஓட்டுற குறுகலான சின்னப் படகு) போய் ஆத்தோரம் டெண்ட் போட்டுத் தங்குறதப் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன், இந்த மாதிரி விஷயமெல்லாம் தமிழ்ல வர்றதே பெரிய சந்தோஷம். ஆனா பக்கத்துல பெட்டி கட்டிப் போட்டிருந்தீங்களே, 'என்னென்ன எடுத்துட்டுப் போகணும்'னு ஒரு லிஸ்ட், அது எனக்கு ரொம்ப உறுத்துச்சு. அது தனியா மலையேறப் போற ஒருத்தருக்குப் போட்ட லிஸ்ட் மாதிரி இருந்துச்சு. எட்டு பேர் நாலு படகுல போறப்போ ஆளாளுக்கு அதே லிஸ்ட வீட்ல வச்சுப் பாத்து பேக் பண்ணா என்ன ஆகும்னா, ஸ்டவ் நாலு வந்துரும், பெரிய பாத்திரம் அஞ்சு வந்துரும், உபரித் துடுப்பு ஒண்ணுகூட வந்திருக்காது. 'அத யாராவது கொண்டாருவாங்க'ன்னு எட்டு பேருமே நெனச்சிருப்பாங்க.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி மொத்தப் பேரும் உக்காந்து ஒரே லிஸ்ட் போடணும், ஒவ்வொரு பொருளுக்கும் எதிர்ல ஒரு பேரும் ஒரு படகும் எழுதணும். பேர் மட்டும் போதாதா, படகு எதுக்குன்னு கேப்பாங்க. ஒரு படகு கவுந்துச்சுன்னா அதுல இருக்கறது எல்லாம் நனையும், சிலது ஓடியே போயிரும். சாப்பாட்டுச் சாமான் மொத்தமும் ஒரே படகுல, முதலுதவிப் பெட்டியும் அதே படகுலன்னா அந்தக் குழுவுக்கே ட்ரிப் அங்கயே முடிஞ்சுது. சாப்பாட்ட ரெண்டு படகுல பிரிங்க, மேப் ரெண்டு காப்பி வேற வேற படகுல தண்ணி புகாத கவர்ல இருக்கணும், பெரிய முதலுதவிப் பெட்டி ஒரு படகுலன்னா கட்டுத்துணி, டேப், வலி மாத்திரை வச்ச குட்டி பை இன்னொரு படகுல. தினமும் மாத்திரை சாப்புடுறவங்க இருந்தா அவங்க மருந்தயும் ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதிய வேற படகுல குடுத்து வைக்கணும், இத நான் எந்த லிஸ்ட்லயும் பாத்ததே இல்ல. ஆனா ஸ்லீப்பிங் பேக், மாத்துத் துணி மட்டும் அவங்கவங்க படகுலயே இருக்கட்டும், ராத்திரி கரையேறுறப்போ யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு நடுங்க வேண்டியதில்ல.

ஒவ்வொரு படகுக்கும்னு சில பொருள் உண்டு, இதுல பங்கு போடுற பேச்சே கிடையாது. உபரித் துடுப்பு ஒண்ணு, அதையும் டெண்ட் கம்பியோட சேத்து இறுக்கிக் கட்டிறக் கூடாது, கைய நீட்டுனா வர்ற மாதிரி சாமானுக்கு மேல சொருகி வைக்கணும், ஏன்னா துடுப்பு கைநழுவிப் போற அந்த நிமிஷத்துலதான் அது வேணும். தண்ணி மொண்டு ஊத்த ஒரு டப்பா, முன்னாடியும் பின்னாடியும் கட்டுக்கயிறு. அப்புறம் தண்ணில விழுந்தவங்களப் புடிச்சு இழுக்க வீசுற கயிறு பை, உள்ள 15 லேருந்து 20 மீட்டர் கயிறு இருக்கணும், ஓட்டம் இருக்குற ஆறுன்னா இது ஒவ்வொரு படகுலயும் இருக்கறது நல்லது.

லைஃப் ஜாக்கெட்ட பேக் பண்ற லிஸ்ட்லயே போட்டிருந்தீங்க. அது பேக் பண்ற பொருள் இல்லீங்க, உடுத்துற பொருள். விசிலும் அந்த ஜாக்கெட்லயே கட்டியிருக்கணும், பைக்குள்ள இருக்குற விசில எப்ப தேடி எடுத்து எப்ப ஊதுறது. கனடாவுல குளிர் தண்ணில மனுஷ உடம்பு என்னாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணுன கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்லுவாரு, ரொம்பக் குளிர்ந்த தண்ணில விழுந்தா மூச்ச நிதானத்துக்குக் கொண்டுவர 1 நிமிஷம், கை விரல் சொன்னபடி கேக்குறது 10 நிமிஷம், நினைவு தப்புறதுக்கு சுமார் 1 மணி நேரம். இத மனசுல வச்சுப் பாத்தா எது உடம்புல இருக்கணும், எது பையில இருக்கலாம்னு தானா பிரிஞ்சுரும்.

துணி விஷயத்துல கட்டுரை 'வசதியான உடை'ன்னு ஒரு வார்த்தையோட விட்டுருச்சு. ஜீன்ஸும் காட்டன் டீஷர்ட்டும் தான் எல்லாருக்கும் வசதியா தோணும், ஆனா காட்டன் நனஞ்சா தண்ணியக் குடிச்சுக்கிட்டு சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துரும். கம்பளியோ, ஃப்ளீஸோ, சிந்தெடிக் துணியோ எடுங்க. ரெண்டு செட் போதும், ஒண்ணு பகல்ல நனையறதுக்கு, இன்னொண்ணு ராத்திரிக்குன்னு. ராத்திரி செட்ட எவ்வளவு ஆசையா இருந்தாலும் பகல்ல தொடக்கூடாது, காலைல அந்த ஈர செட்டயே திரும்ப மாட்டுறது கொடுமைதான், ஆனா அப்படித்தான் பண்ணணும். மழைக்கோட்டு மட்டும் பையோட அடியில போகாம மேலயே இருக்கட்டும்.

ட்ரை பேக், அதாவது வாயச் சுருட்டி மூடுற தண்ணி புகாத பை, வாங்குனா மட்டும் போதாது, மூடத் தெரியணும். வாய் வரைக்கும் திணிச்சா மடிக்க இடமிருக்காது, அதனால மேல கால் பங்கு காலியா விட்டு, முழங்கால வச்சு அமுக்கிக் காத்த வெளியேத்தி, வாய்ப்பட்டைய நேராப் புடிச்சு குறைஞ்சது மூணு மடிப்பு இறுக்கமா சுருட்டி அப்புறம் தான் கிளிப் போடணும். மூடுனதும் ஒரு தடவ அழுத்திப் பாருங்க, உஸ்ஸுன்னு காத்து வந்தா தண்ணியும் உள்ள போகும். ஸ்லீப்பிங் பேக்க முதல்ல ஒரு கெட்டியான குப்பைக் கவர்ல சுத்தி அப்புறம் ட்ரை பேக்ல போடுறது இன்னும் நல்லது.

படகு தாங்கும்னு எடைய ஏத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆத்துல பாறையோ அருவியோ வந்தா எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு கரையோரமா நடக்கணும், படகையும் சேத்துத்தான். சின்னச் சின்னதா பதினஞ்சு உருப்படி இருந்தா திரும்பத் திரும்ப நடக்கணும், எதையாவது மறந்தும் விட்டுருவாங்க, அதனால குட்டிப் பைகள ஒரு பெரிய பைக்குள்ள போட்டு முதுகுல மாட்டுற மாதிரி பண்ணிக்கணும். படகுல கனமான சாமான் நடுவுலயும் அடியிலயும் இருக்கணும், முன்பக்கம் கனத்தா திருப்புறதே பாடாயிரும். ஏத்தி முடிச்சதும் படகோட விளிம்பு தண்ணிக்கு மேல 15 சென்டிமீட்டராவது நிக்கலன்னா எதையோ இறக்கித்தான் ஆகணும்.

எரிபொருளும் குழுவா உக்காந்து கணக்குப் போட வேண்டிய சமாச்சாரம். குடிதண்ணிய காய்ச்சித்தான் குடிக்கப் போறோம்னா நல்லா தளதளன்னு 1 நிமிஷம், 2,000 மீட்டருக்கு மேல உள்ள எடம்னா 3 நிமிஷம் கொதிக்கணும், எட்டு பேர் தண்ணிக்கும் சேத்து கேஸ் எடுக்கணும், சமையலுக்கு மட்டும் பாத்து எடுத்தா நடுவுலயே தீந்துரும். கழிப்பறைக்குக் குழி தோண்ட ஒரு சின்ன மண்வெட்டியும் லிஸ்ட்ல வேணும், வெக்கப்பட்டு யாரும் எழுத மாட்டேங்குறாங்க. தண்ணிலேருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 லேருந்து 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டணும்.

முந்தின நாள் சாயங்காலமே எல்லாரும் சாமானத் தரையில பரப்பி வச்சு, ஒருத்தர் லிஸ்டப் படிக்கப் படிக்க இன்னொருத்தர் பொருளத் தொட்டுக் காட்டணும், 'இருக்கு, வீட்ல வச்சிருக்கேன்'ங்கறத ஏத்துக்கக் கூடாது.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போடுறப்போ லிஸ்ட மூணாப் பிரிச்சுப் போடுங்கன்னு கேட்டுக்குறேன்: உடம்புல இருக்க வேண்டியது, படகுக்குப் படகு இருக்க வேண்டியது, குழுவுக்குப் பொதுவானது. பொதுவானதுக்கு எதிர்ல பேரும் படகும் எழுத ரெண்டு காலி கட்டமும் விட்டீங்கன்னா படிக்கிறவங்க வெட்டி எடுத்து அப்படியே நிரப்பிக்குவாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்