வாத்தியார் கையில் துப்பாக்கியா?

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வாக்கர் பிடித்துத் திண்ணை வரைக்கும் வந்து உட்காருகிறார் என்று படித்த பிறகுதான் இங்கே இவளுக்கு உயிர் வந்தது. பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணைத் திட்டி விரட்டாமல் மட்டும் பார்த்துக்கொள். உன் அம்மா சுபாவம் எனக்குத் தெரியாததா! எங்கள் வீட்டில் பெரியவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். சின்னவள் பத்தாவது. டல்லாஸ் வெயில் கோபி வெயிலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "அமெரிக்காவில் வாத்தியார்களுக்கே துப்பாக்கி கொடுக்கிறார்களாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிறாய். ஒற்றை வரியில் பதில் எழுதினால் திட்டுவாய்.

நிஜம்தான். ஆனால் ஸ்டாஃப் ரூமில் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கள் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி 2007-லேயே சில பணியாளர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்துவைத்தது. 2013-ல் 80 மணி நேரப் பயிற்சியோடு 'ஸ்கூல் மார்ஷல்' என்று முறையாகவே ஒரு ஏற்பாடு வந்தது. இங்கே யுவால்டி என்ற ஊரின் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த வருடம், 2023-ல், ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதற்கு மாநிலம் கொடுத்தது பள்ளிக்கு 15,000 டாலர், மாணவர் தலைக்கு 10 டாலர். இந்தப் பணத்தில் ஒரு போலீஸ்காரரை வருடம் முழுக்க வைத்திருக்க முடியாது என்று பள்ளி நிர்வாகங்கள் கதறின. பணமோ ஆளோ கிடைக்காவிட்டால் பயிற்சி பெற்ற பணியாளரே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஆக, வாத்தியாரிடம் கொடு என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. காசில்லாத ஊரில் அது தானாக வாத்தியாரிடம் போய் நிற்கிறது.

எங்கள் பகுதி ஸ்கூல் போர்டு கூட்டத்துக்கு இதற்காகவே போய் உட்கார்ந்திருந்தேன். பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு எரியும், மஞ்சளாகும், சிவப்பு வந்ததும் மைக்கை அணைத்துவிடுவார்கள். பக்கத்துக் கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி, பண்ணை வைத்திருக்கிற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அவர் மகள் கிராமத்துப் பள்ளியில் டீச்சர். "அங்கே ஷெரிஃபின் போலீஸ் வண்டி வந்துசேர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?" என்றார். அடுத்து வந்த ஒண்ணாம் வகுப்பு டீச்சர், "என் மேஜை டிராயர் சாவியையே தினம் தேடுகிறேன். சிறுவர்கள் என் இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள். துப்பாக்கியை நான் எங்கே வைப்பது?" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்விதான் மாப்ள. அதைக் கேலி செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தக் கேள்விக்குத் துப்பாக்கிதான் பதில் என்கிறபோது எனக்கு யுவால்டிதான் நினைவுக்கு வருகிறது. 2022 மே 24. ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். வந்து குவிந்த காவலர்கள் 376 பேர். கவசமும் ரைபிளும் பயிற்சியும் உள்ளவர்கள். உள்ளேயிருந்து குழந்தைகள் போன் செய்துகொண்டிருக்க, 77 நிமிடம் கழித்துத்தான் அந்த அறைக்குள் போனார்கள். அதற்கு முன் 2018-ல் ஃபுளோரிடாவில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தபோதும் ஆயுதத்தோடு ஒரு காவலர் வளாகத்தில்தான் இருந்தார், கட்டடத்துக்குள் போகவில்லை. அவர் மீது வழக்கு நடந்து விடுதலையும் ஆகிவிட்டார். முழுநேரத் தொழிலாக இதைச் செய்கிறவர்களே அந்த நேரத்தில் இப்படி நிற்கும்போது, கணக்கு வாத்தியார் என்ன செய்வார் என்று எதிர்பார்க்கிறோம்?

துப்பாக்கி வேண்டும் என்கிறவர்கள் என்றால் ஏதோ வெறிபிடித்த கூட்டம் என்று நம்மூர்ப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அப்படி இல்லை. எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் தன் கராஜில் உள்ள இரும்பு லாக்கரைத் திறந்து காட்டினார். ஆளுயரம் இருக்கிறது. ரைபிள்கள் வரிசையாக, உள்ளே துணி ஒட்டி, ஈரம் பிடிக்காமல் இருக்க ஒரு சின்ன டப்பா வைத்து. தோட்டாக்கள் வேறு அலமாரியில், வேறு சாவியில். பேரனுக்கு எட்டு வயதிலிருந்து சுடச் சொல்லிக்கொடுக்கிறார். லாக்கர் எண் மட்டும் அவனுக்குத் தெரியாது. அரசாங்கம் கணக்கெடுத்தால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு போகத்தான் கணக்கெடுக்கும் என்று உறுதியாக நம்புகிறார். தேர்தல் வந்தால் இந்தியாவில் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும் என்று சொன்னேன். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தரில் 1996-ல் 35 பேர் இறந்ததும் அரசாங்கம் சில மாதங்களிலேயே சட்டத்தை மாற்றி ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது, இங்கே ஏன் முடியாது என்று நீ கேட்பாய். இங்கே பொதுமக்கள் கையில் இருப்பது ஜனத்தொகையை விட அதிகம்; 2018-ல் வந்த ஒரு கணக்கில் 39 கோடிக்கு மேல். போதாததற்கு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றிய அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம், 1791-ல் வந்தது, தனிமனிதருக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லிவிட்டது. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேர் செத்த பிறகும், தனியாருக்குள் நடக்கும் விற்பனை சிலவற்றுக்குப் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்கச் சொல்கிற மசோதா 2013-ல் செனட்டில் 54-46 என்று வந்தும் தோற்றது. 60 வேண்டுமாம். அன்றைக்கே இந்த ஊர் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதனால் நான் இப்போதெல்லாம் வேறு இடத்தைப் பார்க்கிறேன். துப்பாக்கி எங்கிருந்து பள்ளிக்கு வருகிறது? ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற சீக்ரெட் சர்வீஸ்காரர்கள், 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துப்பாக்கியால் நடந்தவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசியில் ஆயுதம் வந்தது பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான். அவர்களே 2002-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உனக்கு இன்னும் பயன்படும்: பத்தில் எட்டு சம்பவங்களில், நடக்கப்போவது யாரோ ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு.

மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 2021 நவம்பரில் நடந்ததைக் கேள். பதினைந்து வயதுப் பையன். நாலு நாளைக்கு முன்புதான் அப்பா துப்பாக்கி வாங்கித் தந்திருக்கிறார். அன்று காலை கணக்குத் தாளில் துப்பாக்கி படம் வரைந்து, மனதில் ஓடுவது நிற்கவில்லை, யாராவது உதவுங்கள் என்று எழுதிவைத்திருந்ததை டீச்சர் பார்த்துவிட்டார். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். வந்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னதற்கு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். பையன் வகுப்புக்குத் திரும்பினான். பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. எடுத்துச் சுட்டான். நாலு பிள்ளைகள் போய்விட்டார்கள். நீயாக இருந்தால் அந்தப் பையைத் திறந்திருப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தாவது பையன்கள் பீடி வைத்திருக்கிறார்களா என்றே மோப்பம் பிடிக்கிறவன் நீ.

அந்த அப்பா அம்மா இருவருக்கும் 2024-ல் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை. பிள்ளை செய்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் மரணத்துக்குக் காரணமானவர்கள் என்று இந்த நாட்டில் தண்டிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதே வருடம் செப்டம்பரில் ஜார்ஜியாவில் ஒரு பள்ளியில் 14 வயதுப் பையன் நாலு பேரைச் சுட்டுக் கொன்றபோது, அவனுக்கு ரைபிள் கொடுத்த அப்பாவையும் அடுத்த நாளே பிடித்தார்கள். எங்கள் டெக்சஸில் கதை வேறு. 2018-ல் சாண்டா ஃபே பள்ளியில் அப்பாவுடைய ஷாட்கன்னையும் ரிவால்வரையும் எடுத்துப்போய் ஒரு பையன் பத்துப் பேரைக் கொன்றான். குழந்தை கைக்கு எட்டுகிற மாதிரி துப்பாக்கியை வைப்பது இங்கேயும் குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 17 வயதுக்குக் கீழே. பையனுக்கு 17. அவ்வளவுதான், சட்டம் முடிந்தது.

ஏ.ஆர்.-15 ரக ரைபிளுக்குத் தடை, வாத்தியாருக்குத் துப்பாக்கி என்று இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். வீட்டுக்குள் இருப்பதைப் பூட்டு என்று சொல்ல ஆளைக் காணோம். பூட்டினால் பள்ளிக்கூடம் மட்டுமில்லை, வேறு பல உயிரும் தப்பும். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மனசு ஒடிந்த பதினாறு வயசுக்கும் துப்பாக்கி இருக்கிற டிராயருக்கும் நடுவில் ஒரு பூட்டு இருந்தால், அந்த ராத்திரியாவது கடந்துபோகும். ஃபுளோரிடாவில் 2011-ல், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று டாக்டர்கள் நோயாளியிடம் கேட்பதற்கே கட்டுப்பாடு போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள் தெரியுமா? வழக்கு இழுத்து, மேல்கோர்ட் அந்தக் கட்டுப்பாட்டை முடிவாகத் தள்ளிவிட 2017 ஆயிற்று.

நம் ஆட்கள் ஒழுங்கு என்று நினைக்காதே. போன பொங்கலுக்கு ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும் புதுசாக வாங்கியதைக் காட்டுகிறேன் என்று மாடிக்குக் கூட்டிப்போனார். உடுப்பு அலமாரியில் மேல்தட்டு, கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் கைத்துப்பாக்கி. பூட்டு இல்லை. "பசங்களுக்குத் தெரியாது" என்றார். கீழே வந்ததும் இவள் சும்மா இருக்கவில்லை. "நவராத்திரிக்கு அந்தப் பெட்டியை யாருங்க எடுத்துக் கொடுக்கிறது?" என்று கேட்டாள். அவருடைய பதின்மூன்று வயதுப் பையன்தான், ஸ்டூல் போட்டு. வீடே கப்சிப். மார்ச் வரைக்கும் அவர்களிடமிருந்து ஒரு போன் இல்லை. அப்புறம் ஒருநாள் நம்பர் போட்டுத் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டியின் படம் வாட்ஸப்பில் வந்தது. கூட ஒரு வார்த்தை கிடையாது. இப்போது சின்னவள் சிநேகிதி வீட்டில் தங்கப்போகிறேன் என்றால், அலர்ஜி கேட்கிற மாதிரி இதையும் கேட்டுவிட்டுத்தான் இவள் அனுப்புகிறாள். வெள்ளைக்காரத் தாய்மார்கள் கோபித்துக்கொள்வதில்லை. நம்மவர்கள்தான் முகம் சுளிக்கிறார்கள்.

பூட்டு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. யுவால்டியில் சுட்டவன் 18 வயது ஆனதும் கடைக்குப் போய் முறைப்படி வாங்கியவன். கைத்துப்பாக்கி வாங்கக் கடையில் 21 வயது கேட்கிறார்கள், ரைபிளுக்கு 18 போதும். இது என்ன கணக்கு? அதை 21 ஆக்கச் சொல்லி யுவால்டி பெற்றோர் ஆஸ்டின் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்தார்கள். 2023 மே 6, சனிக்கிழமை, எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆலன் அவுட்லெட் மாலில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். நீ வந்தபோது ஷூ வாங்கினோமே, அதே மால். இறந்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்த ஓர் இளம் எஞ்சினியர் பெண்ணும் உண்டு. திங்கட்கிழமை அந்த மசோதா குழுவில் 8-5 என்று தேறியது; இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களும் ஆதரித்தார்கள். அப்புறம் சபையில் எடுப்பதற்கான கெடு முடிந்து, ஓட்டெடுப்பே இல்லாமல் செத்தது. ஃபுளோரிடாவில் பார்க்லேண்டுக்குப் பிறகு இதே கட்சி ஆட்சி மூன்று வாரத்தில் 21 ஆக்கியது என்பதையும் எழுதிவைக்கிறேன். முடியாது என்பதெல்லாம் சும்மா.

உன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் இதில் போனார், நினைவிருக்கிறதா? 2007 ஏப்ரல், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூடு. கோபிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படித்து மேலே வந்த நீரியல் பேராசிரியர், பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பிலேயே. மொத்தம் 32 பேர். சுட்டவன் தனக்கே ஆபத்தானவன், சிகிச்சை எடுக்கவேண்டும் என்று ஒரு நீதிபதி 2005-லேயே உத்தரவு போட்டிருந்தார். அந்தத் தகவல், துப்பாக்கி வாங்குகிறவர்களைச் சோதிக்கிற பதிவேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்தபோது சுத்தமாக இருந்தது, விற்றுவிட்டார். அப்போது நீ எனக்குப் போன் போட்டு, உங்க ஊர் பக்கமா என்று கேட்டாய்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நானும் மூன்று நிமிடம் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். வருடத் தொடக்கத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடுகிற படிவத்தில், வீட்டில் ஆயுதம் இருந்தால் பூட்டிவைத்திருக்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லப்போகிறேன். அடுத்த வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்கிறார். பேசுவாரா, என் பின்னால் தொப்பியோடு நிற்பாரா தெரியவில்லை, நின்றாலே போதும்.

உன்னிடம் ஒன்று தெரியவேண்டும். கூடப் படிக்கிறவனைப் பற்றி ஒரு பையன் பயந்துபோய் உன்னிடம் வந்து சொல்கிறான் என்று வை. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் அவனுக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறாய்? கொலராடோவில் பெயர் சொல்லாமல் தகவல் தருவதற்கு 2004-லிருந்தே போன் எண் வைத்திருக்கிறார்கள். ஆனால் எண்ணை விட ஆளை நம்பித்தான் பிள்ளைகள் வாய் திறக்கும் என்று எனக்குப் படுகிறது. முப்பது வருட வாத்தியார் நீ, விவரமாக எழுது. கூட்டத்துக்கு முன்னால் வந்தால் நல்லது.

டிசம்பரில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்காலில் போடுகிற பெல்ட் நல்லதாக இங்கே கிடைக்கிறது, அளவெடுத்து அனுப்பு. மஞ்சள் இந்த வருடம் என்ன விலைக்குப் போனது என்று நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
உன் மச்சான்