பச்சைப் புத்தகத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

மாநிலத்தில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பணியைக் கவனிக்கும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் எங்கள் பக்கம் வயலில் இறங்குவது யார் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். நாற்றுப் பறிக்கவும் நடவும் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வருகிறார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வந்தால் மோட்டார் கொட்டகை வாசலில் அவர்கள் துணி காய்வதைப் பார்க்கலாம். அவர்களிலும் எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். மாத்திரை தீர்ந்தால் அவர்கள் எங்கே போவது?

பல வருஷமாக நானும் அதே மாத்திரை சாப்பிடுகிறவன். சமீபத்தில் மாத்திரை வாங்கப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் அப்படி ஒருவர் நின்றார். கையில் பச்சைப் புத்தகம், அதாவது சிகிச்சை மையம் நோயாளி கையில் கொடுக்கும் மருந்துப் பதிவுப் புத்தகம். எந்த மையத்தில் பதிவு, என்ன மருந்து, கடைசியாக எப்போது வாங்கினார், எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அவர் ஊர் மையத்திலிருந்து வாங்கிவர வேண்டிய டிரான்ஸ்ஃபர் கடிதம் இல்லை. "ஊருக்குப் போய் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கவுன்ட்டரிலிருந்து பதில் வந்தது. ஊர் என்றால் கும்பகோணமா? போகவர நாலைந்து நாள் ரயிலில் போய்விடும். திரும்பி வரும்போது குழுவில் அவர் இடத்தில் வேறு ஆள் நட்டுக்கொண்டிருப்பார்.

மும்பையில் வேலை பார்த்த காலத்தில் பழகிய அரைகுறை இந்தியில் வெளியே மரத்தடியில் அவரோடு பேசினேன். மடியிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். கூடத் தங்கியிருப்பவர்கள் படித்துவிடக் கூடாது என்று லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். உள்ளே நாலு மாத்திரை. நடவு முடிகிறவரை தாக்குப்பிடிக்கட்டும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறாராம். மறுநாள் அவர் குழு வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது எந்த வயலில் நிற்கிறாரோ, டப்பாவில் இன்னும் மீதி இருக்கிறதோ இல்லையோ.

இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு மசியாமல் போகும் என்று ஒவ்வொரு முறையும் எங்களை உட்காரவைத்து சொல்லிக்கொடுப்பது உங்கள் ஆலோசகர்கள்தான். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்றும் சொல்கிறீர்கள். சரி, அந்தப் பாடம் எங்களுக்கு மனப்பாடம். கவுன்ட்டரில் இருப்பவருக்கும் அதை ஒருமுறை நடத்தினால் தேவலை.

நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவருக்கு இடைக்கால மருந்து கொடுக்க தேசிய வழிகாட்டுதலிலேயே இடம் இருக்கிறது. பச்சைப் புத்தகத்தோடு வருகிறவருக்கு அன்றைக்கே மாத்திரை கொடுங்கள். கடிதப் போக்குவரத்தை உங்கள் மையமும் அவர் ஊர் மையமும் போனிலோ கணினியிலோ வைத்துக்கொள்ளட்டும். வேறு மாநில ரேஷன் அட்டைக்கு நம் ஊர்க் கடையில் விரல் வைத்து அரிசி வாங்க முடிகிறது. அரிசிக்கு முடிந்தது மாத்திரைக்கு ஏன் முடியாது?

இது வடக்கத்தி ஆட்களின் பிரச்சினை மட்டும் இல்லை. வளைகுடா நாடுகளில் ரத்தத்தில் எச்.ஐ.வி. தெரிந்தால் வேலையும் போகும், விசாவும் போகும். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. அந்த நாடுகளை நாம் திட்டுகிறோம். இங்கே யாரையும் நாடு கடத்துவதில்லை. கடிதம் கேட்கிறோம், அவர்களே கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரிப்பன், பேரணி, கல்லூரிப் பிள்ளைகள் கையில் பதாகை, மேடையில் உறுதிமொழி. அந்த பேனர் செலவில் கவுன்ட்டர் பக்கத்தில் வங்காளத்திலும் இந்தியிலும் நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் நாட்டிலேயே முதன்முதலாக இந்தத் தொற்று கண்டறியப்பட்டது சென்னையில்தான். 2004-ல் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் வரிசையில் இருந்தது. உயிரோடு இருந்து இதை நான் எழுதுவதே அந்த மருந்தால்தான். அந்த நன்றி இருப்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

நோயாளியின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிற 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கவுன்ட்டரில் குரலைத் தணித்துப் பேசச் சொல்லியும் ஒரு வரி சேர்த்து, டெல்டா மாவட்ட மையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பச்சைப் புத்தகம் போதும், அன்றைக்கே மருந்து என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அடுத்த குழுக்கள் சம்பா நடவுக்கு வந்து இறங்கும். அதற்குள் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்திலிருந்து,
உங்கள் மாத்திரையைத் தினமும் சாப்பிடும் ஒருவன்