உறையில் நாலு வரி எழுதுங்கள்

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கம் விதை மாற்றிக்கொள்ளும் தோட்டக்காரர்களுக்கு, வணக்கம்.

போன ஆனியில் நம்மில் ஒருவரிடம் பத்து சுரை விதை வாங்கினேன். பதிலுக்கு ஒரு கை முண்டு மிளகாய் விதை கொடுத்தேன். உறையில் ‘நாட்டுச் சுரை’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஆடியில் ஊன்றினேன். புரட்டாசியில் காய் லட்சணமாகத்தான் வந்தது. கூட்டு வைத்து வாயில் போட்டால் அப்படியொரு கசப்பு. சட்டியோடு குப்பைக்குழியில் கொட்டினேன். வீட்டில் எல்லோரும் கிணற்று உப்புத் தண்ணீர் மேல் பழியைப் போட்டார்கள். அதே தண்ணீர் குடித்த என் பழைய சுரை கசக்கவில்லையே!

கசக்கும் சுரை ருசிக்குறையோடு போகிற விஷயம் இல்லை. அதிலிருக்கும் குக்கர்பிட்டாசின் நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடும். வேகவைத்தாலும் போகாது. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயைத் தூர எறியுங்கள்.

எங்கோ வேலியில் கிடந்த பேய்ச்சுரையின், அதாவது கசக்கும் காட்டுச் சுரையின், மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்து விதை கொடுத்தவர் தோட்டத்துப் பூவில் சேர்த்திருக்கும். அந்த வருஷக் காய் நன்றாகவே இருக்கும். கசப்பு விதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த வருஷம்தான் தலைகாட்டும். கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது, அவர் சாப்பிட்டது நல்ல காய்.

விதைக்கு விடுகிற சுரைக்கு ஒரு வேலை செய்யலாம். சுரை சாயங்காலம் பூக்கும். பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் மதியமே, பூச்சி நுழையாதபடி தனித்தனியாக நூலால் கட்டிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டுங்கள். காம்பில் ஒரு துணி அடையாளம். அவ்வளவுதான்.

விதையைச் சேமிக்கவும் பகிரவும் விவசாயிக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. நம் உறையை யாரும் சோதிக்கப் போவதில்லை. அதனால்தான் நாமே எழுத வேண்டும் என்கிறேன்: எந்த மாதம் எடுத்த விதை, எந்த ஊர் மண், எந்தத் தண்ணீர், பக்கத்தில் அதே இனம் வேறு என்ன நின்றது. கடையில் வாங்கிய ஹைபிரிட் காயிலிருந்து எடுத்தது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தாயைப் போல் பிள்ளை வராது. மாதம் ஏன் என்றால், நம் கடல் காற்றில் விதை சீக்கிரம் நமுத்துவிடும். வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினாலே சந்தேகம்தான்.

நான் கொடுத்த மிளகாய் உறையிலும் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையடித்தேனே தவிர, பக்கத்து வரப்பில் சம்பா மிளகாய் நின்றதைச் சொல்லவில்லை. மிளகாயும் கலக்கும். இந்தத் தடவை அதை எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த பிறகும் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து,
உங்களில் ஒருத்தி