தை பிறக்கும்வரை பொறுக்கக்கூடாதா?

பேரூராட்சி செயல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை என் வீட்டு வேலியோரம் நடந்த தூய்மைப் பணியை நான் விவரிக்க வேண்டியதில்லை. செடிகளை வெட்டும் முன் ஒன்று, வெட்டிய பின் ஒன்று என்று உங்கள் ஆட்களே புகைப்படம் எடுத்துப் போனார்கள். சென்ற ஆண்டு நான் கொடுத்த மனுவும் உங்கள் கோப்பில் இருக்கும். அதில் கேட்டதையே மறுபடியும் கேட்கிறேன்: தாராளமாக வெட்டுங்கள், ஆனால் தை பிறந்த பிறகு வெட்டுங்கள்.

அங்கே நின்றவை காசித்தும்பை, அந்திமந்தாரை, கோழிக்கொண்டை, இடையிடையே தும்பை. யாரும் பாத்தி கட்டி நடாததால் உங்கள் கணக்கில் அவை புதர். என் மாமியார் 30 ஆண்டுகளுக்கு முன் ஒரு பிடி விதை தூவியதோடு சரி. அதன்பின் தாமே உதிர்ந்து, தாமே முளைத்து, எந்த ஆண்டு எந்த மூலையில் பூப்பது என்பதையும் தாமே முடிவுசெய்து வந்தன. நடைவழியில் முளைத்ததைப் பிடுங்குவது மட்டும் என் வேலை.

அன்று மாலை வெட்டிப் போட்ட குவியலருகே உட்கார்ந்து காசித்தும்பைக் காய்களைத் தேடினேன். முற்றிய காய் விரல் பட்டதும் வெடித்துச் சுருண்டு விதையைத் தெறிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விளையாட்டு. நான் எடுத்த காய்கள் வெடிக்கவில்லை. நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பிஞ்சு விதைகள். இருட்டும்வரை துழாவியதில் முற்றிய காய் ஒன்றே ஒன்று கிடைத்தது. 11 விதைகள். தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அந்திமந்தாரைக்கு மண்ணுக்கடியில் கிழங்கு உண்டு, எப்படியும் தலைகாட்டிவிடும். ஓராண்டுச் செடியான காசித்தும்பைக்கு விதையை விட்டால் கதியில்லை.

நெல் பருவங்களுக்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று பெயர் வைத்த குமரி மாவட்டம் இது. கும்பப்பூ பயிரைப் பால் பிடிக்கும் நேரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டு, வயலைச் சுத்தம் செய்தோம் என்று யாராவது சொல்வார்களா?

இயந்திரம் பிடித்த தம்பியைக் குறை சொல்லமாட்டேன். "மேலிடத்து உத்தரவு, டீச்சர்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டெங்கு தடுப்பாம். ஏடிஸ் கொசு தேங்கிய தண்ணீரில் வளர்கிறது, பூவில் வளர்வதில்லை. தெருக்கோடி ரப்பர் விளையில் (தோட்டத்தில்), மழையால் பால் வெட்டு நின்றுபோன மரங்களில், பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகள் நிமிர்ந்தபடி தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கவிழ்த்து வைக்க இயந்திரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். ஓடையில் இரண்டு மழைக்காலமாக அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் எழுதியிருந்தேன். அது யார் கண்ணிலும் படவில்லை. பாம்பு வருகிறது என்று புகார் வந்ததாகவும் சொன்னார்கள். பாம்பு எங்களுக்கு முன்பே இங்கே குடியிருக்கிறது.

உங்கள் அலுவலகச் சுற்றுச்சுவரில் செங்காந்தள் வரைந்து 'மாநில மலர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஓவியம், அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, ஆறு இதழும் கணக்காக இருக்கின்றன. அதே காந்தள் என் வேலியில் படர்ந்து மொட்டு விட்டிருந்தபோதுதான் இயந்திரம் ஏறியது. சுவரில் இருப்பது விதை கட்டாது, உதிராது, யாருடைய உத்தரவுக்கும் குறுக்கே வராது. வசதிதான்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். வேலிக்கு வெளியே இரண்டடி புறம்போக்கு என்பதை நான் மறுக்கவில்லை. உள்ளே வந்ததற்கு மட்டும் விளக்கம் வேண்டும். இனி வருவதானால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். களைக்கொல்லி மட்டும் தயவுசெய்து வேண்டாம். தை பிறந்ததும் வந்தால் வெட்டுக்கத்தி நானே தருகிறேன், குடிக்கக் கட்டன்காப்பியும் தருகிறேன்.

அந்த 11 விதைகளை ஆனிச் சாரலுக்கு அதே இடத்தில் தூவுவேன். உங்கள் ஆட்களுக்கு அடையாளம் தெரிய ஒரு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வேலியோரத்து வீட்டுக்காரி