நட்புறவு ஆட்டங்களைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள்

தேசியக் கால்பந்துச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2002 மே 26 அன்று தென் கொரியாவின் சுவோன் நகரில் நடந்த ஒரு நட்புறவு ஆட்டம், அதாவது எந்தத் தொடரிலும் சேராத முன்னோட்ட ஆட்டம், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உலகக் கோப்பை தொடங்க ஐந்தே நாள். நடப்புச் சாம்பியன் பிரான்ஸ், போட்டியை ஜப்பானோடு சேர்ந்து நடத்தவிருந்த கொரியாவை 3-2 என்று வென்றது. ஆனால் முதல் பாதியிலேயே ஜினடின் ஜிடான் தொடைக் காயத்தோடு வெளியேறினார். உலகக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களை பிரான்ஸ் அவர் இல்லாமல் ஆடியது. மூன்றாவதில் தொடையில் கட்டோடு இறங்கியும் பயனில்லை. ஒரு கோல்கூட அடிக்காமல் சாம்பியன் ஊர் திரும்பியது. அன்று தோற்ற கொரியா அரையிறுதி வரை போனது.

கொரியாவின் அந்தப் பயணம் தோல்விகளில் தொடங்கியது. 2001-இல் பயிற்சியாளர் ஹிடிங்கின் கொரிய அணி கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைத் தொடரில் பிரான்ஸிடம் 0-5, ஆகஸ்டில் நட்புறவு ஆட்டத்தில் செக் குடியரசிடம் 0-5. அந்த ஸ்கோரையே அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டினார்கள். அத்தனை ஏச்சுக்குப் பிறகும் அவரை மாற்றவில்லை. எளிதான எதிரணிகளைத் தேடி ஆறுதல் வெற்றிகளையும் குவிக்கவில்லை. 2002 மே மாதத்தில் பத்து நாளுக்குள் ஸ்காட்லாந்தை 4-1 என வென்று, இங்கிலாந்தோடு 1-1 சமன் செய்து, பிரான்ஸிடம் ஒரே கோலில் தோற்றார்கள். போட்டியை நடத்தும் நாட்டுக்குத் தகுதிச்சுற்று கிடையாது. நட்புறவு ஆட்டங்களை விட்டால் அணியை உரசிப் பார்க்க அவர்களுக்கு வேறு கல் ஏது?

தகுதிச்சுற்று ஆடும் நாடுகளுக்கும் நிலைமை அவ்வளவு வேறல்ல. ஞாயிற்றுக்கிழமை தத்தம் கிளப்புக்கு ஆடிவிட்டு, திங்கட்கிழமை வெவ்வேறு நாடுகளிலிருந்து களைப்போடு வந்து சேரும் இருபத்துச் சொச்சம் பேர். முதல் நாள் ஓய்வு, பிறகு இரண்டு மூன்று பயிற்சிகள், வியாழனன்று ஆட்டம். கிளப் பயிற்சியாளருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மைதான நேரம் தேசியப் பயிற்சியாளருக்குக் கனவு. புள்ளிகளுக்காக ஆடும் தகுதிச்சுற்றில் அவரால் துணிந்து எதையும் முயன்று பார்க்க முடியாது. மூன்று தடுப்பாட்டக்காரர்களோடு ஆடினால் என்ன ஆகும், புதிய கோல்கீப்பர் காலால் பந்தைத் தொடங்கி வைப்பாரா, கார்னரில் யார் யாரைப் பிடிப்பது, 70-ஆவது நிமிடத்தில் முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தின் வேகத்தை யார் குறைப்பது: இவற்றுக்கெல்லாம் விடை தேட அவருக்கு இருப்பது இந்த ஆட்டங்கள்தான்.

இப்படிப்பட்ட ஆட்டங்களில் நான் எப்போதும் கோல்கீப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நெருக்கும் எதிரணிக்கு நடுவே, கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் நிற்கும் தன் ஆளுக்கே குட்டையாகத் தட்டுகிறார். பந்து பறிபோகிறது. அரங்கம் முணுமுணுக்கிறது. அடுத்த முறையும் அதே பாஸ், அதே ஆபத்து, இம்முறை கூச்சல். எல்லைக்கோட்டருகே நிற்கும் பயிற்சியாளர் கையால் சைகை செய்கிறார்: மறுபடியும் அதையே செய். நீண்ட உதை ஒன்று அரங்கத்தை அமைதிப்படுத்திவிடும். ஆனால் அன்று கற்க வந்தது கற்கப்படாமல் போகும். மறுநாள் தோல்விக்கு விளக்கம் கேட்டு நீங்கள் அவரை அழைத்தால், அடுத்த ஆட்டத்தில் கோல்கீப்பர் பந்தை நீளமாகத்தான் உதைப்பார்.

2006 மார்ச்சில் நட்புறவு ஆட்டத்தில் இத்தாலியிடம் 1-4 எனத் தோற்ற ஜெர்மனியில் பயிற்சியாளர் கிளின்ஸ்மன்மீது பாயாதவர் குறைவு. நான்கு மாதம் கழித்து, சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் அதே அணி மூன்றாம் இடம் பிடித்தது.

எதிரணியைத் தேர்ந்தெடுப்பதிலும் பயிற்சியாளரின் நோக்கமே முதலில் நிற்க வேண்டும். 2022 உலகக் கோப்பைக்கு முன் சவூதி அரேபியா ஈக்வடாரோடும் அமெரிக்காவோடும் 0-0, கடைசியாக குரோஷியாவிடம் 0-1. பார்க்கச் சுவையற்ற ஸ்கோர்கள். ஆனால் தங்களைவிட வலுவானவர்களிடம் தடுப்பு வரிசை குலையாமல் நிற்கப் பழகிய ஆட்டங்கள் அவை. அர்ஜென்டினாவோ ஐக்கிய அரபு அமீரகத்தை 5-0 என வென்றுவிட்டு வந்தது. நவம்பர் 22 அன்று சவூதியின் தடுப்பு வரிசை துணிந்து மேலேறி நின்றது; முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில், அதாவது பந்து வருமுன்பே தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றதால், செல்லாமல் போயின; முடிவு 2-1, சவூதிக்கு. அந்த அர்ஜென்டினாதான் கோப்பையை வென்றது என்பதை மறைக்க மாட்டேன். சுலபமான முன்னோட்டம் எல்லோரையும் கவிழ்த்துவிடாது. ஆனால் முதல் ஆட்டத்தில் வாங்கிய அடியிலிருந்து மீள எல்லா அணியிலும் மெஸ்ஸி இருக்கமாட்டார்.

ஃபிஃபா தரவரிசையில் புள்ளி குறையும் என்று ஒரு பயம் இருந்தது. அன்றைக்கு அது நியாயமானதும்கூட. பழைய கணக்கில் நட்புறவு ஆட்டங்கள் சராசரியை இழுத்துவிடும் என்பதால், 2018 உலகக் கோப்பைக் குலுக்கலுக்கு முன் போலந்து அவற்றை ஏறக்குறையத் தவிர்த்தது. குலுக்கலில் தரவரிசையின் மேல் அணிகளுக்கான முதல் வரிசை இடமும் கிடைத்தது. பிறகு செனகலிடமும் கொலம்பியாவிடமும் தோற்றுக் குழுவில் கடைசியாக வெளியேறியது. 2018 ஆகஸ்டில் ஃபிஃபா கணக்கையே மாற்றிவிட்டது. இன்று ஃபிஃபாவின் சர்வதேச நாட்காட்டித் தேதிகளுக்குள் ஆடும் நட்புறவு ஆட்டத்துக்குப் புள்ளிக் கணக்கில் தரும் எடை 10, வெளியே ஆடினால் 5. உலகக் கோப்பை ஆட்டத்துக்கு 50, காலிறுதியிலிருந்து 60. தோற்றாலும் இழப்பு சிறிது. இன்னும் எதற்குத் தயங்குகிறீர்கள்?

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆட்டக் கட்டணத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து, எதிரணி யார் என்றுகூடச் சரியாக விசாரிக்காமல் தரகரை நம்பும் வழக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதை 2010 செப்டம்பரில் பஹ்ரைன் பார்த்தது. அவர்கள் 3-0 என வென்ற ‘டோகோ’ அணி டோகோவே அல்ல, போலி. சங்கங்களுக்கு வருமானம் தேவை என்பது எனக்குப் புரிகிறது. இளையோர் அணியும் மகளிர் அணியும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. அந்தச் சம்பாத்தியத்தைத் தொடர் இல்லாத மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயம் வரும் என்பீர்கள். வரும். 2006-இல் சீனாவோடு ஆடும்போது பிரான்ஸின் ஜிப்ரில் சிஸ்ஸேயின் கால் முறிந்தது. 2014-இல் ஆர்மீனியாவை 6-1 என வென்ற மாலையில் ஜெர்மனியின் மார்கோ ராய்ஸ் கணுக்காலையும் உலகக் கோப்பையையும் ஒருசேர இழந்தார். அதனால்தான் கடினமான எதிரணி முதலில், இலகுவானது கடைசியில் என்ற வரிசையைப் பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். உடலை அறிந்தவர்கள் அவர்கள்தான். 2018-இல் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் ஆடும் நேஷன்ஸ் லீக் தொடர் வந்த பிறகு ஐரோப்பிய அணிகளின் காலியான தேதிகள் அருகிவிட்டன. மற்றக் கண்டங்களின் அணிகளுக்கு அவர்களோடு ஆடும் வாய்ப்பே அரிது. அப்படிக் கிடைத்த ஒரு தேதியை விளம்பரதாரரின் விருப்பத்துக்குச் செலவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நான் கேட்பது இதுதான். தொடருக்கு முந்தைய ஆறு மாதத்து எதிரணிப் பட்டியலைப் பயிற்சியாளர் எழுதட்டும். நீங்கள் அதற்குப் பணமும் விமானமும் தேடுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன், இன்று எதைச் சோதிக்கிறோம் என்று ரசிகர்களுக்கு நான்கு வரியில் சொல்லுங்கள். எதிரணி ஒப்புக்கொண்டால், ஸ்கோர் எதுவானாலும் முடிவில் ஐந்து ஐந்து பெனால்டி உதைத்துப் பாருங்கள். நிறைந்த அரங்கத்தில் அந்த நடுக்கத்தைப் பழக வேறு இடமில்லை. நாங்கள் எழுந்து போக மாட்டோம். கடைசி உதை வரை உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகர்