பத்து இடத்தையும் நிரப்ப வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய ரெஸ்யூமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்ததும் நிதானமாகப் படித்தேன். ரெண்டு பக்கம் இருக்கிறது. அதில் உன்னைத்தான் தேட வேண்டியிருந்தது.

முதலில் சின்ன விஷயம். மேலே அப்பா பெயர், மதம், பிறந்த தேதி, அடியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற வரி. இதெல்லாம் நம்மூர் மில் வேலைக்குக் கொடுக்கும் பயோடேட்டா. எடுத்துவிடு. அமெரிக்கக் கல்லூரிக்கு வேண்டிய குடும்ப விவரத்தை விண்ணப்பமே தனியாகக் கேட்டுக்கொள்ளும்.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியோடு சேர்த்து 150 எழுத்துதான். விருதுக்கு ஐந்து இடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் சொந்தப் படிவத்தில் நாலே நாலு செயல்பாடுதான் கேட்கிறது. அதனால் பத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று நினைக்காதே. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். ஒரு மத்தியானம் மரம் நட்டதற்கு அங்கே என்ன எழுதுவாய்? வீடியோ பார்த்து வாங்கிய ஆன்லைன் சான்றிதழ்களும் அப்படித்தான். ரோபோட்டிக்ஸ் மட்டும் இருக்கட்டும், அதில் நீ நிஜமாகவே ஏதோ செய்தாய்.

இப்போது நீ எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். அம்மாவின் தையல் கணக்கு எங்கே? பத்தாவது லீவிலிருந்து அந்த நோட்டு உன் கையில்தானே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒருத்தருடைய அளவு ஜாக்கெட் இன்னொருத்தர் துணிப்பையில் போய், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வாசலில் சண்டை நடக்கும். நீதான் துணி வாங்கும்போதே போட்டோ எடுத்து, நம்பர் எழுதிய சீட்டை ஊக்கில் குத்தி, கொடுக்கிற தேதியை ஷீட்டில் ஏற்றினாய். அதற்குப் பிறகு துணி மாறியதாக அம்மா என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதைச் செய்யச் சொல்லி யாரும் உன்னிடம் கேட்கவும் இல்லை.

வீட்டு வேலைதானே என்று கூச்சப்படாதே. குடும்பப் பொறுப்பு என்றே காமன் ஆப் படிவத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. முக்கியமானதை முதலில் போடச் சொல்கிறார்கள், நீ இதை முதல் இடத்தில் போடு. 'உதவினேன்' என்று பொதுவாக எழுதாதே. என்ன மாற்றினாய், எத்தனை ஆர்டர், என்ன குறைந்தது என்று எழுது. எண்ணிக்கையைக் குத்துமதிப்பாகப் போடாமல் நோட்டைப் பார்த்து எண்ணி எழுது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.சி.) விண்ணப்பத்தில் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் 350 எழுத்து தருகிறார்கள். சீட்டு முறையை அங்கே விரிவாகச் சொல்லலாம்.

பணம் கட்டினால் உன் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுத் தருகிறேன் என்று ஒரு கன்சல்டன்சிக்காரர் சொன்னதாக அம்மா சொன்னாள். வேண்டவே வேண்டாம். எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறாய், பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்வார்கள். அப்படி ஓர் இடம் நமக்குத் தேவையும் இல்லை.

முன்கூட்டியே விண்ணப்பிக்க விடுகிற கல்லூரிகள் பலவற்றில் அதற்குக் கடைசி நாள் நவம்பர் 1. ஆயுத பூஜைக்கு முன்னால் திருத்தி அனுப்பு. உன் இங்கிலீஷ் டீச்சரிடமும் ஒரு தடவை காட்டு. ஒவ்வொரு வரிக்கும் எழுத்து எண்ணிப் பார்த்துவிடு, 150 தாண்டினால் காமன் ஆப் படிவம் ஏற்காது.

அன்புடன்,
அப்பா