டாக்டரம்மான்னு இனிமே கூப்புட மாட்டோம்

பாப்பா, சாப்டியா. போன் பண்ணா நீ "ம்", "ம்"னு சொல்லிட்டு வச்சிடற, அதான் டைப் பண்றேன், கம்பெனியில லஞ்ச் முடிஞ்சு பெல் அடிக்கறதுக்குள்ள முடிக்கணும், எழுத்து தப்பா இருந்தா பொறுத்துக்க.

உன் ரூம்மேட் நேத்து போன் பண்ணுச்சு. அது மேல கோவப்படாத. மூணு வாரமா நீ மெஸ்ஸுக்கு ஒழுங்கா போறதில்ல, அனாடமி இன்டர்னல் பரீட்சையில பெயில் ஆனதுல இருந்து ராத்திரி மூணு மணி வரைக்கும் ஒரே பக்கத்தை பாத்துகினு உக்காந்திருக்க, காலையில குளிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கறன்னு சொல்லி அழுதுடுச்சு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா, "அவ சின்ன வயசுல இருந்தே சோம்பேறிமா"ன்னு. தினமும் ஷூ அப்பர் தைக்கிற மெஷின்லயே என் வாயையும் வச்சி தச்சிருக்கலாம்.

சாயந்திரம் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காகிட்ட சொன்னேன். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டாம, தூக்கமும் சாப்பாடும் கெட்டா அது சோம்பல் இல்ல, டிப்ரஷனா இருக்கலாம், டாக்டர்தான் பாத்து சொல்லணும்னாங்க. 43 நாட்டு மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் கணக்கை சேத்து 2016-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சாம், 100 பேர்ல 27 பேருக்கு இந்த அறிகுறி இருந்துச்சாம். உன் பேட்ச்ல 150 பேர்னா 40 பேர் ஆச்சு, எல்லாம் சிரிச்சிகினு செல்ஃபி போட்டுகினு கீதுங்க போல. அப்படி இருக்கறவங்கள்ல வைத்தியத்துக்கு போனவங்க 100-க்கு 16 பேர்கூட இல்லியாம். டாக்டருக்கு படிக்கிறதே டாக்டர்கிட்ட போக வெக்கப்பட்டா எப்டி?

வெக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னும் தெரியும். யாராச்சும் தனியா உக்காந்திருந்தா உங்க மாமா "பாகாயத்துக்கு அனுப்புங்க"ன்னு, அங்க மனநல ஆஸ்பத்திரி இருக்கறத வச்சி கிண்டல் பண்ணுவாரே, நானும் கூட சேந்து சிரிச்சிருக்கேன். நீ அத பாத்துகினுதான வளந்த.

அப்பறம் உங்க நைனா. எம்பிபிஎஸ் போட்டு நேம்போர்டுக்கு வெலை விசாரிச்சிகினு வந்திருக்காரு, இன்டர்ன்ஷிப்போட அஞ்சரை வருசம், நீ மொத வருசமே தாண்டல. தெருவுல போறவங்க வரவங்ககிட்டல்லாம் டாக்டரம்மா டாக்டரம்மான்னு சொல்லி சொல்லி உன் தலையில கல்லு வச்சது நாங்கதான். நேத்து ராத்திரி சொல்லிட்டேன், இனிமே பாப்பான்னுதான் கூப்புடணும்னு. தலைய ஆட்டினாரு, அப்பறம் ரொம்ப நேரம் வாசல்லயே உக்காந்துகினு இருந்தாரு.

14416-னு ஒரு நம்பர், டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்கு கவர்மெண்டு நடத்தற போன் உதவி, காசு இல்ல, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசுவாங்களாம். மனசு ரொம்ப கெட்டு தப்பா யோசனை வந்தா அந்த நிமிஷமே ரூம்மேட்டை எழுப்பு, என்னையும் எழுப்பு, மணி பாக்காத.

நாளைக்கு லீவு போட்டுட்டேன். காட்பாடியில கோவை எக்ஸ்பிரஸ் புடிச்சி மத்தியானத்துக்கு மேல ஹாஸ்டல் வந்துடுவேன். மார்க் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், டாக்டர்கிட்ட கூட வரேன், வெளிய உக்காந்துக்கறேன். முள்ளு கத்திரிக்கா கொழம்பு எடுத்தாரேன், அந்த பொண்ணுக்கும் சேத்துதான், அதுக்கு காரம் ஆவுமான்னு மட்டும் கேட்டு சொல்லு. பெல் அடிச்சிட்டான்.